பேனாவைத் தொட்டால் மட்டும்

திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைத்தவர் என் பெரியப்பா. கணினி வருவதற்கு முந்தைய காலம். கிரயப் பத்திரமானாலும் அடமானப் பத்திரமானாலும் முத்திரைத்தாளில் கையால்தான் எழுத வேண்டும். புல எண், பரப்பளவு, செக்குபந்தி என்று வரிவரியாகப் போகும். ஓர் இடத்தில் பிசகினாலும் அடித்தல் திருத்தலுக்குத் தனியே குறிப்பெழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதனால் அவர் எழுத்தில் அவசரம் இருக்காது. விவசாயிகள் தங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார்கள்.

நாற்பத்தைந்து வயதை ஒட்டி அந்தக் கை அவருக்கு அடங்காமல் போனது. எழுத ஆரம்பித்ததும் ஆள்காட்டி விரல் பேனாவை விட்டு விலகி மேலே நிமிரும். மணிக்கட்டு உள்பக்கம் மடங்கும். இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுவார். நாலு வரிக்குள் முழங்கை வரை கல்லாக இறுகிவிடும். பேனாவைக் கீழே வைத்தால் சரியாகிவிடும். அதே கையால் சோறு பிசைவார், வேட்டி கட்டுவார், சைக்கிளுக்குக் காற்றடிப்பார், நோட்டுக் கட்டை எண்ணிக் கொடுப்பார். அதில் எதிலும் குறை இல்லை. எழுத மட்டும் வராது.

ஊரில் இதற்குக் காரணம் சொல்லாதவர்கள் இல்லை. குடிக்கிறார் என்றார்கள். தப்பான பத்திரம் எழுதிய பாவம் என்றார்கள். பெரியம்மா மயிலம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு கயிறு கட்டிவிட்டாள். எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். எல்லாவற்றையும்விட அவரை உடைத்தது, ‘எழுத மனசில்லை, அதுதான்’ என்ற பேச்சு. எழுதுவதைத் தவிர வேறு எதையும் விரும்பாத மனிதரைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்.

அவருக்கு இருந்தது ஒரு மூளைக் கோளாறு. மருத்துவத்தில் அதற்கு ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ என்று பெயர். ‘டிஸ்டோனியா’ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. தசைகள் நம் விருப்பத்தை மீறி இறுகுவதும் முறுக்கிக்கொள்வதும் அந்தக் குடும்பத்தின் குணம். கழுத்தில் வரும், இமையில் வரும். சிலருக்கு ஒரே ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும், அந்த வேலையைச் செய்யும் கையில் மட்டும் வரும். எழுதுபவருக்கு எழுதும்போது, வீணை வாசிப்பவருக்கு மீட்டும்போது, தைப்பவருக்கு ஊசி பிடிக்கும்போது. ஊதுகருவி வாசிப்பவர்களுக்கு உதட்டிலேயே வருவதும் உண்டு. தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரை இது பிடிப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

புது நோய் அல்ல. இத்தாலியில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி முதன்முதலில் முழுப் புத்தகம் எழுதிய ராமாசினி, 1713இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றிச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தருக்கு வலது கை எழுத மறுத்தது. அந்த மனிதர் விடாமல் இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் அந்தக் கைக்கும் அதே கதி. இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் நினைவு வந்து புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அவரும் இடது கையால் பழகிப் பார்த்தவர்தான்.

இத்தனை பழைய நோயை நெடுங்காலம் மனநோய்க் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். 1982இல் லண்டனைச் சேர்ந்த ஷீஹி, மார்ஸ்டன் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள், இந்த நோயாளிகளின் மனநிலை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடவில்லை, இது டிஸ்டோனியாவின் ஒரு வகை என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் பார்வை மாறியது.

மூளையில் என்ன நடக்கிறது? ஒரு விரலை அசைக்க வேண்டும் என்றால் அந்த விரலுக்கு ஆணை போனால் மட்டும் போதாது. பக்கத்து விரல்களுக்கு ‘நீ சும்மா இரு’ என்ற தடையும் கூடவே போக வேண்டும். பயிற்சி என்று நாம் சொல்வதில் பாதி இந்தத் தடையைப் பழகுவதுதான். புதிதாக எழுதக் கற்கும் குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு, தோளை உயர்த்திக்கொண்டு எழுதுவதைப் பாருங்கள். வேண்டாத தசைகளை அடக்க அதற்கு இன்னும் தெரியவில்லை. டிஸ்டோனியாவில் இந்தத் தடை பலவீனப்படுகிறது. ஆணை பக்கத்து விரல்களுக்கும் கசிகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. கை கல்லாவது அதனால்தான்.

உணர்வுப் பக்கமும் கலங்குகிறது. மூளையின் மேற்பரப்பில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. 1996இல் அமெரிக்காவில் நான்சி பில் குழுவினர் ஆந்தைக் குரங்குகளுக்கு ஒரே பிடியை வேகவேகமாக, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி கொடுத்தார்கள். சில மாதங்களில் குரங்குகளின் கை தடுமாறத் தொடங்கியது. மூளையைப் பார்த்தபோது விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன, வரப்பு அழிந்த வயல்கள் போல. அதற்காக, அதிகம் எழுதினால் நோய் வரும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லட்சக்கணக்கானவர்கள் ஆயுள் முழுக்க எழுதுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. பிறவியிலேயே இருக்கும் ஏதோ ஒரு சாய்வும் ஓயாத பயிற்சியும் சேரும்போதுதான் வருகிறது என்று கருதுகிறார்கள். இசைக்கலைஞர்கள் சிலர் கையில் மெல்லிய ரப்பர் உறை மாட்டிக்கொண்டால் சிறிது நேரம் சரியாக வாசிக்கிறார்கள். தொடு உணர்வு மாறியதும் மூளை பழைய தடத்திலிருந்து சற்று விலகுகிறது போலும்.

மருத்துவம் என்று பார்த்தால், முதலில் கைக்கு மறுபயிற்சி. பருமனான பேனா, பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகிப் பிடிப்பது போன்றவை சிலருக்கு உதவும். அடுத்து முன்கைத் தசையில் போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போடுவது. முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே போடாக்ஸ். அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃப்ளெய்ஷருக்கு 1960களின் நடுவில் வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டுகொண்டன. முப்பது ஆண்டுகள் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தும், பாடம் சொல்லிக் கொடுத்தும் காலம் கழித்தார். 1990களில் போடாக்ஸும் ஆழ்ந்த தசை நீவலும் அவர் கையைத் திருப்பிக் கொடுத்தன. 2004இல் ‘இரு கைகள்’ என்று பொருள்படும் தலைப்பில் இசைத்தட்டு வெளியிட்டார். ஆனால் ஊசியின் பலன் மூன்று மாதத்தோடு தேய்ந்துவிடும், திரும்பப் போட வேண்டும். அளவு கூடினால் விரல் தளர்ந்துவிடும். எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் வேண்டிய நுணுக்கத்தில் இந்தத் தளர்ச்சி பெரிய விஷயம்.

இன்னொரு வழி, மூளைக்குள்ளேயே போவது.

விழுப்புரம் சந்திப்பைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் கிடையாது. சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, பிறகு புதுச்சேரி என்று ஐந்து திசைத் தண்டவாளங்கள் கூடும் இடம். மூளையின் நடுவில் தாலமஸ் என்ற பகுதி அப்படிப்பட்ட ஒரு சந்திப்பு. தொடு உணர்வு ஒரு நடைமேடையில் வந்து இறங்கும். சிறுமூளையிலிருந்து வரும் தடம் இன்னொன்றில். மூளையின் அடித்தளத்தில் இயக்கங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் நரம்பணுத் திரள்களிலிருந்து வரும் தடம் அதற்குச் சற்று முன்னால். நடைமேடைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் தூரம்தான். கை நடுக்கத்துக்குச் சிறுமூளைத் தடத்தைக் குறிவைப்பார்கள். கை டிஸ்டோனியாவுக்கு அதன் முன்னால் இருக்கும் ‘வென்ட்ரோ ஓரல்’ என்ற புள்ளியை. அங்கே உளுத்தம்பருப்பு அளவுக்குத் திசுவைச் சுட்டுவிட்டால், கோளாறான சமிக்ஞை மேலே போவது நின்றுவிடுகிறது. தவறான செய்தி ஓயாமல் வந்துகொண்டிருப்பதைவிட, செய்தியே வராமலிருப்பதை மூளை எளிதாகச் சமாளிக்கிறது. வினோதமாகத் தோன்றினாலும் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்.

இதில் டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரியது. டக்காவோமி டைரா என்ற மூளை அறுவை நிபுணரும் அவருடைய குழுவும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு சிறு புள்ளியிலேயே உழைத்திருக்கிறார்கள். 2019இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 171 நோயாளிகள் இருந்தார்கள். எழுத்தர்கள், இசைக்கலைஞர்கள், கைத்தொழில் செய்பவர்கள்.

நமக்கு அருகில் நடந்தது பெங்களூரில். 2017 ஜூலை. தகவல் தொழில்நுட்ப வேலையை விட்டுவிட்டு இசைக்கு வந்த ஒரு கிதார் கலைஞருக்கு இடது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் வாசிக்கும்போது மட்டும் இறுகிக்கொண்டன. முதலில் அசதி என்று நினைத்தார். வலி மாத்திரை, சத்து மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்த பிறகுதான் டிஸ்டோனியா என்று தெரிந்தது. பகவான் மகாவீர் ஜெயின் மருத்துவமனையில் டாக்டர் சரண் சீனிவாசன் அறுவை செய்தார். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, நுனி சூடாகும் ஊசியை ஆழத்தில் இருக்கும் அந்தப் புள்ளிக்கு இறக்கும் முறை. நோயாளி விழித்திருந்தார், அறுவை மேசையிலேயே கிதார் வாசித்தார். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் வாசித்துக் காட்டினார். ஆறாவது முறை சுட்டபோது விரல்கள் திறந்துகொண்டதாக அவரே பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார்.

பத்திரிகைகள் அதை ஒரு வேடிக்கைக் காட்சி போல வெளியிட்டன. கிதாரோடு படுத்திருக்கும் மனிதரின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எனக்கு அந்தப் படம் வேறொன்றைச் சொன்னது. இந்த நோய் ரத்தப் பரிசோதனையில் தெரியாது, சாதாரண எம்.ஆர்.ஐ. படத்திலும் தெரியாது. அந்த வேலையைச் செய்யும்போது மட்டும் வெளியே வருவது. அதனால் கோளாறு போய்விட்டதா என்று அளக்க உலகில் ஒரே கருவிதான் உண்டு. அந்தக் கை, அந்த வேலை. கிதார் அங்கே வேடிக்கைக்கு வந்ததல்ல. மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்த அளவுகோலே அதுதான்.

இனி ஊசியும் துளையும் இல்லாத முறைக்கு வருகிறேன்.

கர்ப்பிணிகளின் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனில் போவது காதுக்குக் கேட்காத ஒலி, மீயொலி. அதே வகை ஒலியை ஒரே புள்ளியில் குவித்தால் அங்கே சூடு பிறக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை சகோதரர்கள் 1950களிலேயே இதை மூளை நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். ஆனால் அவர்களுக்கு மண்டையோடு தடையாக நின்றது. எலும்பு ஒலியை விழுங்கும், திசை திருப்பும். ஆகவே எலும்பில் ஒரு சன்னலை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஒலியைச் செலுத்த முடிந்தது. மண்டையைத் திறக்காமலிருக்கத்தானே ஒலி! எலும்பை வெல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

எப்படி வென்றார்கள் என்பதைச் சொல்ல நான் உங்களை மேல்மலையனூருக்கு அழைத்துப் போக வேண்டும். அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சனம் எங்கிருந்தெல்லாம் வருகிறது! சென்னையிலிருந்து, திண்டிவனத்திலிருந்து, விழுப்புரத்திலிருந்து, திருவண்ணாமலையிலிருந்து, புதுச்சேரியிலிருந்து. வழியில் ஒரு சிற்றூரில் நின்று பார்த்தால் நாலைந்து பேருந்து போகும், அவ்வளவுதான். அந்த ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாரும் வந்து சேரும் ஓர் இடத்தில் மட்டும் மூச்சு முட்டும் கூட்டம். இந்தச் சிகிச்சைக் கருவியும் அப்படித்தான். அரைக்கோள வடிவத்தில் தலையைச் சுற்றிக் கவிழும் ஒரு கவசம். அதில் 1,024 ஒலிமூலங்கள். ஒவ்வொன்றும் வினாடிக்கு சுமார் 6,50,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்பும். மனிதக் காது கேட்பது 20,000 வரைதான். ஒவ்வொரு ஒலிக்கற்றையும் தனியாக, தான் கடக்கும் திசுவை ஒன்றும் செய்வதில்லை. ஆயிரமும் கூடும் புள்ளியில் மட்டும் சூடு.

எல்லாப் பேருந்தும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பக் கூடாது. தூரம் உண்டு, பள்ளம் மேடு உண்டு. மண்டையோடும் அப்படியே. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெல்லிசு, உள்ளே பஞ்சு போன்ற எலும்பு. ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து எலும்பின் ஒவ்வொரு பகுதியையும் அளக்கிறார்கள். எந்த ஒலிமூலம் எத்தனை நுண்நேரம் முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்று கணினி கணக்கிடுகிறது. ஒலியலைகளின் முகடுகள் அந்தப் புள்ளியில் ஒன்றாக வந்து சேர்கின்றன. சிலருடைய எலும்பு ஒலியை மிக அதிகமாக விழுங்கிவிடும். அவர்களுக்கு இந்தச் சிகிச்சை கைகொடுக்காது. சி.டி.யிலேயே அது தெரிந்துவிடும்.

சிகிச்சை நாளில் முதலில் தலையை முழுக்க மழித்துவிடுவார்கள். முடிகளுக்கு நடுவே சிக்கும் காற்று ஒலியை மறிக்கும் என்பதால். உணர்வு மரக்க ஊசி போட்டு, தலை அசையாதபடி நான்கு திருகுகளால் ஒரு சட்டத்தைப் பொருத்துகிறார்கள். கவசத்துக்கும் தலைக்கும் நடுவே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். எலும்பு ஒலியை விழுங்கிச் சூடேறும், அதைத் தணிக்க. நோயாளி எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் விழித்தபடி படுத்திருப்பார். அந்த எம்.ஆர்.ஐ.க்கு இங்கே இரட்டை வேலை. குறி எங்கே என்று காட்டும். அதோடு மூளைக்குள் அந்தப் புள்ளியின் வெப்பத்தையும் அளக்கும். திசுவில் உள்ள நீர் சூடாகும்போது அது எம்.ஆர்.ஐ.க்குத் தரும் சமிக்ஞை மிக நுண்ணிய அளவில் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துச் சில வினாடிகளுக்கு ஒரு முறை வெப்பப் படம் திரையில் வருகிறது. தலையைத் திறக்காமல் மூளையின் நடுப்புள்ளியில் வெப்பமானி வைத்ததற்குச் சமம். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

முதல் சில முறை 50 டிகிரியைத் தாண்டவிடாமல் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் நரம்பணுக்கள் மயங்கும், சாகாது. உடனே நோயாளியிடம் எழுதச் சொல்லிப் பார்ப்பார்கள், சுருள் வரையச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள். உதடு மரத்துப்போனாலோ நாக்குக் குழறினாலோ குறி விலகியிருக்கிறது என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். மயங்கிய அணுக்கள் மீண்டுவிடும். கை சொன்னபடி கேட்கிறது என்று உறுதியானதும் 55 முதல் 60 டிகிரி வரை சில வினாடிகள். அதற்குப் பிறகு அந்தத் திசு திரும்பி வராது. எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒலி பாயும்போது தலைவலி, தலைசுற்றல், வாந்தி உணர்வு வரலாம்.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2016இல் இம்முறையைக் கை நடுக்க நோய்க்கு அனுமதித்தது. அதற்கு ஆதாரமாக இருந்தது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப் எலியாஸ் தலைமையில் 76 பேரிடம் நடந்த சோதனை. பார்க்கின்சன் நோயின் நடுக்கத்துக்கும் பிறகு அனுமதி வந்தது. கை டிஸ்டோனியா அந்தப் பட்டியலில் இல்லை. அதில் முன்னே சென்றது மீண்டும் அந்த டோக்கியோ குழுதான். ஹோரிசாவா, டைரா முதலியோர் 2021இல் பத்து நோயாளிகளின் ஓராண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். எழுத்தும் கையசைவும் தெளிவாக மேம்பட்டிருந்தன. பத்துப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் அந்த ஆய்வில் இல்லை. நம்பிக்கை கொள்ள இடமிருக்கிறது என்ற அளவோடு நிற்பதுதான் நேர்மை.

‘கத்தியில்லா அறுவை’ என்ற விளம்பரச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தி இல்லை என்பது உண்மை. ரத்தக்கசிவு, தொற்று ஆகிய ஆபத்துகள் வெகுவாகக் குறைகின்றன என்பதும் உண்மை. ஆனால் மூளையின் ஒரு துளி நிரந்தரமாகச் சுடப்படுகிறது. குறி சற்றுத் தள்ளிப்போனால் பேச்சுக் குழறல், நடையில் தடுமாற்றம், கை பலவீனம், மதமதப்பு வரலாம். பெரும்பாலும் நாளடைவில் தணியும், சிலரிடம் தங்கிவிடும். கொஞ்சமாகச் சுட்டால் நோய் திரும்பக்கூடும். எழுதும் கை ஒன்றுக்காக இந்தத் துணிச்சலில் இறங்கலாமா என்பதை அந்தக் கைக்கு உரியவர்தான் முடிவு செய்ய முடியும். துளையிட்டு ஊசி இறக்கும் முறையும் பழையதாகிவிடவில்லை. பல கோடி ரூபாய்க் கருவி இல்லாத இடத்தில், தேர்ந்த நிபுணர் கையில், இன்றும் அது நல்ல வழிதான்.

தமிழ்நாட்டில் இந்தக் குவிந்த மீயொலிக் கருவி கோவை ராயல் கேர் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. நடுக்க நோயாளிகளுக்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் பயன்படுகிறது. ஆனால் விழுப்புரம் பக்கத்துக்காரருக்கு முதல் படி கோவை அல்ல. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோதான். அங்கே நரம்பியல் மருத்துவர் ஒருவர் ‘இது டிஸ்டோனியா’ என்று உறுதி செய்ய வேண்டும். கழுத்து நரம்பு அழுத்தமோ மணிக்கட்டு நரம்புச் சிக்கலோ வேறெதுவோ இல்லையென்று பார்க்க வேண்டும். பயிற்சியும் போடாக்ஸ் ஊசியும் பலன் தருமா என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பெரியப்பாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. மருத்துவர் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார், விரல்களை நீட்டி மடக்கச் சொன்னார், தன் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார், சுத்தியலால் தட்டினார். எல்லாவற்றிலும் பெரியப்பா தேறினார். ‘கை நல்லா இருக்குங்க ஐயா, மனசைத் தளர விடாதீங்க’ என்று அனுப்பிவிட்டார். மருத்துவரின் மேசையில் தாள் இருந்தது, பேனாவும் இருந்தது. எழுதிக் காட்டச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. எழுதிக் காட்டட்டுமா என்று கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், போகும்போது அவர் வழக்கமாக எழுதும் பேனாவையும் ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். தையல்காரராக இருந்தால் ஊசி நூலும் துணியும், வயலின்காரராக இருந்தால் வயலினும். வீட்டில் எழுதும்போது கை முறுக்குவதை முன்னதாகவே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும், கேட்காவிட்டாலும், நோட்டைத் திறந்து அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்.